கம்பம் பள்ளத்தாக்கின் நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கணினி மாதிரி அமைக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
முல்லைப் பெரியாறு பாசன விவசாயிகள்,
உத்தமபாளையம் வட்டம், தேனி மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
தேனி.

பொருள்: கம்பம் பள்ளத்தாக்கு முழுமைக்கும் நிலத்தடி நீரோட்டக் கணினி மாதிரி அமைத்தல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். லோயர்கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோக நிலம் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரால் விளைவதைத் தாங்கள் அறிவீர்கள். முதல் போகத்துக்கு ஜூன் மாதம் தண்ணீர் திறக்கப்படும்போது, மழை மறைவில் உள்ள எங்கள் ஊர்களில் பெருமழை இராது. ஆயினும் வாய்க்கால் கசிவாலும் வயலில் தேக்கிய நீராலும் ஓரத்துக் கிணறுகளில் நீர் ஏறுகிறது. வாய்க்கால் அடைத்த பிறகு வாழையும் தென்னையும் பன்னீர் திராட்சையும் அக்கிணறுகளை நம்பியே நிற்கின்றன.

அரசின் நிலத்தடி நீர் மதிப்பீடு, ஓராண்டில் ஊறியதையும் இறைத்ததையும் ஒப்பிட்டுச் செய்யப்படுகிறது. கால்வாய்க் கசிவும் அதில் சேர்கிறது என்பதால் அம்முறையைக் குறைகூற நாங்கள் வரவில்லை. ஆனால் ஆற்றோரத்தில் கிணறு வெட்டி, குழாய் பதித்துத் தொலைவிலுள்ள மேட்டு நிலங்களுக்கு நீரேற்றும்போது, அக்கம்பக்கத்துக் கிணறுகள் எந்த மாதத்தில் எவ்வளவு இறங்கும் என்பதை ஆண்டுச் சராசரி காட்டாது.

ஆகவே ஆறு, வாய்க்கால், கண்மாய், கிணறு ஆகிய நான்கையும் இணைத்து, மாதவாரியாக நீர்மட்டத்தைக் கணிக்கும் மாதிரியை நீர்வளத் துறையின் மூலம் உருவாக்க வேண்டுகிறோம். இங்கு அடியில் இருப்பது கடினப் பாறை. பாறை சிதைந்த மேலடுக்கிலும் பாறை வெடிப்புகளிலுமே நீர் தங்குவதால், ஒரு தோட்டத்து ஆழ்துளைக் கிணறு பொய்க்க, அடுத்த தோட்டத்தில் ஊற்று வற்றாமல் இருப்பது எங்களுக்குப் புதிதல்ல. எனவே பாறையில் நீர் எவ்வளவு தங்கும், எவ்வளவு ஓடும் என்பதற்கு வேறு இடத்து அளவுகளை இங்கே பொருத்தாமல், பள்ளத்தாக்கின் பல இடங்களில் தொடர்ந்து நீர் இறைத்து மட்டம் இறங்குவதை அளக்கும் நீரிறைப்புச் சோதனை செய்தே அளவுகளைப் பெற வேண்டும்.

எல்லாவற்றிலும் கடினமானது இறைப்பின் அளவை அறிவதுதான். விவசாய மின்சாரம் இலவசம். பல இணைப்புகளுக்கு மீட்டர் கிடையாது. ஒவ்வொரு மோட்டாருக்கும் மீட்டர் என்றால் கட்டணம் வருமோ என்ற அச்சம் எழும் என்பதை மறைக்காமல் சொல்கிறோம். அதற்குப் பதிலாக, விவசாய மின்பாதைகளில் பதிவாகும் மொத்த மின்நுகர்வையும், பயிர்ப் பரப்பையும், மோட்டார்களின் குதிரைத்திறனையும் கொண்டு மதிப்பிடலாம்.

மாதிரி உருவானதும், அதில் சேர்க்காமல் ஒதுக்கிவைத்த சில ஆண்டுகளின் கிணற்று அளவுகளோடு அதன் கணிப்பை ஒப்பிட்டு, பிழை எவ்வளவு என்பதையும் சேர்த்துத் தமிழில் வெளியிட வேண்டும். அந்தச் சோதனையில் தேறும்வரை, புதிய கிணறுகளுக்கான அனுமதியையோ தண்ணீர் திறப்பையோ அதை வைத்து முடிவுசெய்ய வேண்டாம் எனவும் கேட்டுக்கொள்கிறோம். எங்கள் கிணறுகளில் மாதந்தோறும் அளவெடுக்க இசைகிறோம்.

இப்படிக்கு,
பாசன விவசாயிகள்