செயலாளர் ஆண்டறிக்கை: பீரோவுக்குள் போன பந்துகள்

அனைவருக்கும் வணக்கம். வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார், நான் நடந்ததை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

போன வருஷக் கூட்டத்தில், வடசென்னையில் நாம் ஆடிப் பழகியதைக் கிராமத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுக்கலாம் என்று முடிவெடுத்தோம். கொருக்குப்பேட்டையில் கும்மிடிப்பூண்டி வண்டி ஏறி, மீஞ்சூர், பொன்னேரி பக்கம் போய் முதலில் நாம் செய்தது, உள்ளதைச் சொன்னால், வெட்டி வேலை. கால்பந்து கொடுத்தோம், போட்டோ எடுத்தோம், வந்துவிட்டோம். அப்புறம் போய்ப் பார்த்தால் பந்தெல்லாம் தலைமையாசிரியர் அறை பீரோவில், விலைச்சீட்டுகூடக் கிழியாமல் இருக்கிறது. அவர்மேல் எனக்குக் கோபமில்லை. பந்து தொலைந்தால் ஸ்டாக் ரெஜிஸ்டருக்கு அவர்தானே பதில் சொல்ல வேண்டும்?

பி.டி. மாஸ்டரும் கிடையாது. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி 6 முதல் 8 வரை 100 பிள்ளைகளுக்கு மேல் படித்தால்தான் உடற்கல்விக்குப் பகுதிநேர ஆசிரியர். இங்கே அவ்வளவு பேர் இல்லை. விசில் கணக்கு டீச்சர் கையில், மழை வந்தால் பி.டி. பீரியடும் அவர் கையில்.

சரி, பந்தே வேண்டாத ஆட்டமாகப் பார்ப்போம் என்று கோ-கோவுக்கு மாறினோம். 27 மீட்டருக்கு 16 மீட்டர் தரை, கொஞ்சம் சுண்ணாம்பு, இரண்டு சவுக்குக் கம்பு, அவ்வளவுதான். இடம் பத்தாத பள்ளியில் அளவைக் குறைத்துக்கொண்டோம். ஒரே பந்தை வைத்து ஆடும்போது நாலு பையன்கள் உதைப்பார்கள், பெண் பிள்ளைகள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பார்கள். கோ-கோவில் வரிசையாக உட்கார்ந்திருக்கிற எட்டுப் பேரும், துரத்துகிறவர் கையால் முதுகில் எப்போது தட்டு விழும் என்று ஒரு காலை ஊன்றித் தயாராகவே இருந்தாக வேண்டும்.

ஒரு தப்பு என்னுடையது. கம்பை ஓரடிதான் புதைக்கச் சொன்னேன். ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி ஓடி வந்த வேகத்தில் அதைப் பிடித்துத் திரும்ப, கம்பு சாய்ந்து அவளும் விழுந்தாள். முட்டியில் சிராய்ப்போடு போயிற்று. இப்போது இரண்டடிக்குக் குறையாமல் தோண்டுகிறோம், மேலே 1.20 மீட்டர் நிற்கிறது.

வரும் வருஷம் வாலிபாலும் சேர்க்கலாம் என்று யோசனை. காசிமேட்டில் பழைய வலை வைத்திருக்கிற உறுப்பினர்கள் கொடுத்து உதவுங்கள், ஆனால் நன்றாக அலசிக் கொடுங்கள். போன தடவை ரயிலில் என் பக்கத்தில் ஒருத்தரும் உட்காரவில்லை.