எட்டுக் கால் நாற்காலி

கண்ணம்மா,

நேற்று போனில் நீ அழாத குறையாகச் சொன்னது ராத்திரி முழுக்க மண்டைக்குள்ளேயே ஓடியது. மூன்று நாளாக அதே மரத்தின் முன்னால் உட்கார்ந்தும் கோடு போட்டு நிமிர்வதற்குள் நிழல் நகர்ந்துவிடுகிறது, பேசாமல் போட்டோ எடுத்துவந்து அறையிலேயே முடித்துவிடட்டுமா என்று கேட்டாய். அவசரப்படாதே.

ஸ்பெயின் ஓவியர் அந்தோனியோ லோபஸ் கார்சியா மாட்ரிட்டின் கிரான் வியா சாலையை 1974-ல் வரைய ஆரம்பித்து 1981-ல்தான் முடித்தார். கோடைக்கால விடியலில் அவருக்கு வேண்டிய வெளிச்சம் இருப்பதே 20 நிமிடம் போல. அது போனதும் மூட்டை கட்டிவிட்டு, மறுநாள் அதே நேரத்துக்கு அதே இடத்தில் வந்து நிற்பார்.

அதைவிட எனக்குப் பிடித்தது 1990-ல் நடந்தது. தன் வீட்டு முற்றத்தில் இருந்த குயின்ஸ் என்ற பழ மரத்தை, மஞ்சள் மஞ்சளாகக் காய்த்துத் தொங்கியதை, வரைய உட்கார்ந்தார். கால் வைக்கும் இடம் மாறக்கூடாது என்று தரையில் ஆணி அடித்தார், நடுவில் தூக்குநூல் கட்டினார், பழத்திலும் இலையிலும் வெள்ளைப் பெயின்ட்டால் சின்னச் சின்னக் கோடு போட்டு வைத்தார். பழம் பழுக்கப் பழுக்க கனம் ஏறிக் கிளை தாழ்கிறது, கோடும் கூடவே இறங்குகிறது, இவர் படத்தில் திருத்துகிறார், மறுபடி இறங்குகிறது! அப்புறம் மழை. கூடாரம் போட்டும் அந்த வெயில் திரும்பவில்லை. எண்ணெய் வண்ணத்தை எடுத்து வைத்துவிட்டுப் பென்சிலுக்குப் போனார், அதுவும் முடிவதற்குள் பழங்கள் கீழே விழ ஆரம்பித்துவிட்டன. அவ்வளவு பெரிய ஆளுக்கே அந்த கதி.

போட்டோ எடுப்பது தப்பென்று சொல்லவில்லை. ஆனால் நீ மயங்கிப்போய்ச் சொன்ன நிழலுக்குள் இருந்த ஊதா, போட்டோவில் பெரும்பாலும் வெறும் கறுப்பாக அடைத்துக்கொள்ளும். அதற்குப் பதில் இரண்டு பலகை வைத்துக்கொள், காலைக்கு ஒன்று, சாயங்காலத்துக்கு ஒன்று. வெளிச்சம் மாறியதும் பலகையை மாற்று.

சரி, உன்னிடம் சொல்லக் கூச்சமாக இருக்கிறது, போன வாரம் நானும் மொட்டைமாடியில் ஒரு நாற்காலியை வரைந்து பார்த்தேன். முக்கால் மணி நேரத்தில் நிழல் ஒரு சாண் தள்ளிப்போக, பழையதை அழிக்காமலே புதியதையும் போட்டுத் தொலைத்தேன். உன் அம்மா பார்த்துவிட்டு, இதற்கு எட்டுக் காலா என்கிறாள்.

அந்தப் பாதிப் படத்தை அப்படியே அனுப்பு. என் நாற்காலியை நான் அனுப்புகிறேன்.

அப்பா