வாவியோரத்தில் ரேஸ் வைப்போம், சரி. சுவரை யார் கட்டுவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு உங்கள் வாசகர் பக்கத்தில் வந்த கடிதம் ஒன்றைப் பற்றித்தான் எழுதுகிறேன். சென்னையில் நடந்தது போல மட்டக்களப்பு நகர வீதிகளிலும் இளையோருக்கான ஃபோர்முலா 4 கார்ப் பந்தயம் வைத்தால் உல்லாசப் பயணிகள் வந்து குவிவார்கள், இரவில் பாலத்தில் மோட்டார் சைக்கிள் முறுக்கும் பொடியன்களும் அடங்கிவிடுவார்கள் என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். பாதையையும் அவரே போட்டுத் தந்துவிட்டார். காந்தி பூங்காவில் தொடங்கி, மணிக்கூட்டுக் கோபுரத்தைச் சுற்றி, புதிய கல்லடிப் பாலத்தால் போய், பழைய பாலத்தால் திரும்பி வருவதாம்.

எனக்குக் கல்லடியில் மோட்டார் சைக்கிள் கராஜ். அறுபதை எட்டப் போகிறேன். ஆசையை நசுக்கும் பெரியவர் என்று தம்பி நினைத்துவிடக் கூடாது. கார் ரேஸ் என்றால் எனக்கும் பைத்தியம்தான். கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் 2005இல் ஜோர்டான் அணிக்காக ஃபோர்முலா 1இல் ஓடியபோது கராஜைப் பூட்டிவிட்டு டிவிக்கு முன்னால் இருந்தவன் நான். அந்தப் பைத்தியத்தால்தான் இந்தக் கடிதத்தையும் எழுதுகிறேன்.

சென்னைப் பந்தயத்தை நேரில் பார்க்கும் வாய்ப்பும் எனக்குக் கிடைத்தது. மனைவியின் கண் சிகிச்சைக்காகப் போயிருந்த நேரம், அங்கே படிக்கும் மருமகன் டிக்கெட் எடுத்து வைத்திருந்தான். தீவுத்திடலைச் சுற்றி அண்ணா சாலை, நேப்பியர் பாலம், சிவானந்தா சாலை என்று ஊர்ச் சனம் தினமும் போய்வரும் வீதிகளையே அடைத்து மூன்றரைக் கிலோமீற்றர் தடம் போட்டிருந்தார்கள். 19 வளைவுகள். 2023 டிசம்பரில் நடக்க வேண்டியது, மிக்ஜாம் புயல் வந்து சென்னையை மூழ்கடித்ததால் தள்ளிப்போய், 2024 ஓகஸ்ட் 31ஆம் திகதியும் செப்டெம்பர் 1ஆம் திகதியும் மின்வெளிச்சத்தில் நடந்தது. நான் போனது இரண்டாம் நாள்.

மருமகன் கார்களைப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தொழில் புத்தி அப்படி. தடத்தின் இரண்டு பக்கமும் ஆள் இடுப்பளவு கொன்கிறீட் கட்டைகள், ஒன்றோடு ஒன்று பூட்டியபடி. அதற்கு மேலே தடித்த கம்பி வலை. வளைவுகளில் மோதலை வாங்கிக்கொள்ள டயர்களும் மெத்தைத் தடுப்புகளும். சுவருக்குள் விட்ட சிறு இடைவெளிகளில் கையில் கொடியோடு மார்ஷல்கள், அதாவது தடத்தின் பாதுகாப்பைப் பார்க்கும் ஆட்கள். மூன்றரைக் கிலோமீற்றருக்கு இரண்டு பக்கமும் என்றால் ஏழு கிலோமீற்றர் சுவர்! நகரத்துக்கு நடுவில் அதைக் கொண்டுவந்து இறக்கி, பூட்டி, பந்தயம் முடிந்ததும் கழற்றிக் கொண்டுபோகவும் வேண்டும். இந்த ஏற்பாட்டுக்குத் தமிழ்நாடு அரசு சுமார் 40 கோடி இந்திய ரூபாய் ஒதுக்கியதாகப் பத்திரிகைகளில் வந்தது. அதை எதிர்த்து வழக்கும் போட்டார்கள். சர்வதேச மோட்டார் சம்மேளனத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் இல்லாமல் கார் ஓடக்கூடாது என்று உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. முதல் நாள் மழையால் வேலை பிந்தி, சான்றிதழுக்கு மேலதிக நேரம் கேட்டு, பிற்பகலில் தொடங்க வேண்டியது இரவில்தான் தொடங்கியது. டிக்கெட் எடுத்த சனம் முணுமுணுத்ததாம். என்னைக் கேட்டால், அந்த ரேஸில் எனக்கு மிகப் பிடித்த விஷயமே அந்தத் தாமதம்தான்.

ஏன் என்று கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். ஃபோர்முலா 4 என்பது சின்னப் பிள்ளைகளின் வகுப்பு. கோ-கார்ட் என்ற கூரையில்லாத குட்டிக் காரில் பழகிய பிள்ளை 15 வயதிலேயே இதில் ஏறலாம். நம் நாட்டில் கார் அனுமதிப்பத்திரம் எடுக்க 18 ஆக வேண்டும்! அதற்குப் பிறகு ஃபோர்முலா 3, ஃபோர்முலா 2 என்று படி ஏற வேண்டும். கார் சின்னது என்று தம்பி நினைக்கலாம். சென்னையில் ஓடியவற்றில் இருந்தது 1.3 லீற்றர் டர்போ என்ஜின். ஆனால் எடை மிகக் குறைவு, தரைக்கும் அடிப்பலகைக்கும் இடையில் விரல் கணக்கு இடைவெளி, பவர் ஸ்டியரிங் கிடையாது. சில்லுகள் நான்கும் மூடியில்லாமல் வெளியே நிற்கும். முன்னால் போகும் காரின் பின்சில்லு சுழலும்போது அதன் பின்பக்கம் மேல்நோக்கி எழும்பும். பின்னால் வரும் காரின் முன்சில்லு அதில் பட்டால், அந்தக் காரை அது தூக்கி எறிந்துவிடும். மோட்டார் சைக்கிள் செயினுக்குள் சாரன் மாட்டினால் எந்தப் பக்கம் இழுக்கும் என்று தெரிந்த எவருக்கும் இது விளங்கும்.

கார் காற்றில் எழும்பினால் என்ன ஆகும் என்பதை மக்காவ் நகரத்தில் 2018இல் பார்த்தோம். மக்காவ் வீதிப் பந்தயம் இளம் ஓட்டுநர்களுக்குப் பெரிய திருவிழா மாதிரி. 1983இல் அங்கே ஃபோர்முலா 3 பந்தயம் முதன்முதலாக நடந்தபோது வென்றவர் அயர்டன் சென்னா. 1990இல் மைக்கேல் சூமாக்கர். இருவரும் பின்னாளில் ஃபோர்முலா 1 உலக சாம்பியன்கள். 2018இல் ஜேர்மனியைச் சேர்ந்த 17 வயதுப் பெண் சோஃபியா ஃப்ளோர்ஷின் கார் இன்னொரு காரில் பட்டுக் கட்டுப்பாட்டை இழந்து, காற்றில் எழும்பி, வேலியை உடைத்துக்கொண்டு படப்பிடிப்பாளர்கள் நின்ற இடத்தில் போய் அடித்தது. அவருக்கு முதுகெலும்பு முறிவு. இன்னொரு ஓட்டுநர், இரண்டு படப்பிடிப்பாளர்கள், ஒரு மார்ஷல் ஆகியோரும் காயப்பட்டார்கள். யாரும் சாகவில்லை. அந்தப் பெண் அடுத்த வருடமே அதே மக்காவில் திரும்பவும் கார் ஓட்டினார். சுவரும் வேலியும் இருந்த இடத்தில் நடந்த கதை இது.

நம் நாட்டுக் கதை வேறு. 2024 ஏப்ரல் 21ஆம் திகதி தியத்தலாவை ஃபொக்ஸ் ஹில் பந்தயத்தில் ஒரு கார் தடத்தை விட்டு விலகிச் சனத்துக்குள் பாய்ந்தது. அதற்குச் சற்று முன்னர்தான் வேறொரு கார் விபத்துக்குள்ளாகி, மார்ஷல்கள் எச்சரிக்கை காட்டிக்கொண்டு நின்றார்கள். எட்டு வயதுச் சிறுமி உட்பட 7 பேர் இறந்தார்கள், பந்தய உதவியாளர்களும் அதில் அடக்கம். தம்பியின் கடிதத்தில் ஹோட்டல் அறைகள் வருகின்றன, வாவியில் படகு வருகிறது, பாடும் மீன்கூட வருகிறது. தியத்தலாவை வரவில்லை. நடந்து எத்தனை காலம் ஆகிவிட்டது? நம் பக்கத்திலிருந்தும் வருடா வருடம் வான் பிடித்து நுவரெலியா, தியத்தலாவை என்று ரேஸ் பார்க்கப் போகிற பொடியன்கள் இருக்கிறார்களே.

இனிப் பாதைக்கு வருகிறேன். பழைய பாலத்தைத் தம்பி கடைசியாக எப்போது பார்த்தாரோ! ஒரு பக்கத்தால் பஸ் வந்தால் மறு பக்கத்து வாகனங்கள் காத்து நின்ற பாலம் அது. 2013இல் ஜப்பான் உதவியோடு கட்டிய புதிய பாலம் திறந்த பிறகுதான் கல்லடிக்காரர்களுக்கு மூச்சு வந்தது. அந்தப் புதிய பாலத்தை இரண்டு நாள் அடைத்தால் என்ன ஆகும்? காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி என்று தெற்கே உள்ள சனம் முழுவதும் நகரத்துக்கு வர மண்முனைப் பாலத்தால் கொக்கட்டிச்சோலைப் பக்கம் போய், வவுணதீவு, வலையிறவு சுற்றித்தான் வர வேண்டும். போதனா வைத்தியசாலைக்கு வரும் அம்புலன்ஸும் அந்த வழிதான். சென்னையில் ஒரு வீதியை அடைத்தால் பக்கத்தில் நாலு வீதி இருக்கிறது. அங்கேயே பக்கத்து வைத்தியசாலைகளைக் காட்டி நீதிமன்றத்துக்குப் போனார்கள்.

இன்னொரு விஷயம், இதை எழுதும்போது எனக்கே சிரிப்பு வருகிறது. சென்னையில் அவ்வளவு சுவர் கட்டியும் ஒரு தெருநாய் தடத்துக்குள் புகுந்து ஓடி, கார்களை நிறுத்திவைக்க வேண்டி வந்தது. அந்த வீடியோ எல்லோருடைய போனிலும் சுற்றியது. நம் ஊரில் நாய் ஒரு பிரச்சினையே இல்லை. இரவில் பிரதான வீதியில் படுத்து அசைபோடும் கட்டாக்காலி மாடுகளை என்ன செய்யப் போகிறோம்? மாநகர சபை பிடித்தால் உரிமையாளர் தண்டம் கட்டி அவிழ்த்துக்கொண்டு போகிறார், மறுநாள் அதே மாடு அதே இடத்தில். என் கராஜுக்கு வரும் விபத்து வண்டிகளில் பாதி, மாட்டோடு மோதினவைதான்.

வீதியின் தன்மையும் இருக்கிறது. இந்தக் கார்கள் தரையோடு ஒட்டி ஓடுகிறவை. அடியில் காற்று உறிஞ்சும் வேகத்தில் குழாய் மூடிகள்கூடக் கழன்று எழும்பும் என்பதால் நகரத் தடங்களில் ஒவ்வொரு மூடியையும் வெல்டிங் பண்ணி இறுக்குவார்கள். அப்படியும் 2023இல் லாஸ் வேகாஸில் ஒரு தண்ணீர்க் குழாய் மூடி எழும்பி ஃபெராரி காரின் அடியை உடைத்து, முதல் பயிற்சி சில நிமிடங்களிலேயே நின்றது. உலகத்திலேயே காசு கொட்டும் ரேஸ் அது. நம் வீதிகளில் குழாய்க்கு வெட்டி மூடிய பள்ளங்களைப் பற்றி நான் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

வாவியோரக் காட்சி என்று தம்பி எழுதியதற்கும் ஒரு வார்த்தை. ஹைதராபாத்தில் ஹுசைன் சாகர் ஏரியோரத்தில் 2023 பெப்ரவரியில் மின்சாரக் கார்களின் ஃபோர்முலா இ நடந்தது. டிவியில் பார்க்க மிக அழகு. அந்த வருடக் கடைசியில் அரசு மாறியதும் அடுத்த வருடப் பந்தயம் ரத்து. மாநில அரசே சுமக்க முடியாமல் இறக்கி வைத்த சுமையை நம் மாநகர சபையின் தலையில் ஏற்றலாமா?

பாலத்தில் முறுக்கும் பொடியன்கள் அடங்குவார்கள் என்ற கதைக்கு வருகிறேன். எனக்கு அவர்களைத் தெரியும். சைலன்சரை வெட்டித் தரச் சொல்லி என்னிடம்தான் வருகிறார்கள், நான் மாட்டேன் என்றதும் வேறு இடத்தில் வெட்டிக்கொண்டு வந்து காட்டுகிறார்கள். சென்னை வீடியோ வந்த கிழமை அவர்களுடைய சத்தம் கூடியதே தவிரக் குறையவில்லை. பந்தயத்தைப் பார்த்து வேகம் அடங்கும் என்றால், கிரிக்கெட் பார்த்தால் யன்னல் கண்ணாடி உடையாமல் இருக்க வேண்டும். ஆனால் என்னிடம் வேலை பழகும் ஒரு பொடியன் அந்த வீடியோவில் வேறு ஒன்றைக் கவனித்தான். "அண்ணன், இவங்களுக்கு பெல்ட்டை இறுக்க இன்னொரு ஆள் நிக்கிறான் என்ன?" என்று கேட்டான். ஆறு பட்டி, கழுத்தைத் தாங்கும் கவசம், தலைக்கு மேலே உலோக வளையம், இதெல்லாம் பூட்டிய பிறகுதான் என்ஜின் சத்தமே. அவன் இப்போது ஹெல்மெட்டின் வாரைப் பூட்டி ஓட்டுகிறான். முன்னர் தலையில் சும்மா கவிழ்த்துக்கொண்டு வருவான். அவனைப் போன்றவர்களுக்குத் தேவை கையில் பிடித்து ஓட்டிப் பார்க்க ஒரு இடம்.

ஆகவே நான் கேட்பது இதுதான். கார் ஓட்டம் படிக்கும் பிள்ளை தொடங்குவது கோ-கார்ட்டில். அதற்கு நகரத்தை அடைக்க வேண்டாம். குடிமனைக்கு எட்ட, ஒரு கிலோமீற்றரும் நீளமில்லாத தார்த்தடம், சுற்றிப் பழைய டயர், ஒரு அம்புலன்ஸ் நிற்க நிழல், அவ்வளவு போதும். மேற்கே, கொழும்புப் பக்கம் போனால் கோ-கார்ட் தடம் இருக்கிறது. நம் பக்கத்துப் பிள்ளை மட்டக்களப்பிலிருந்து அங்கே போய்வர ஒரு நாள் முழுதாக வேண்டும், பெற்றோருக்குக் காசும் வேண்டும். மாகாண விளையாட்டுத் திணைக்களம் ஒரு துண்டு அரச காணியை இதற்கு ஒதுக்குமா என்று உங்கள் பத்திரிகை கேட்டு எழுத வேண்டும்.

அதோடு மார்ஷல் பயிற்சி. இதற்குக் காணியும் வேண்டாம், காரும் வேண்டாம். மஞ்சள் கொடி என்றால் வேகத்தைக் குறை, முந்தாதே. சிவப்பு என்றால் ஓட்டம் நிறுத்தம். இவற்றோடு தீயணைப்பான் பிடிப்பது, கழுத்து அசையாமல் ஆளை வெளியே எடுப்பது எல்லாம் நம் தொழில்நுட்பக் கல்லூரிப் பிள்ளைகளும் செஞ்சிலுவைத் தொண்டர்களும் பழகிக்கொள்ளக் கூடியவைதான். பெண் பிள்ளைகளும் வரட்டும். ஃபோர்முலா 4 கார்களிலேயே பெண்களுக்கு மட்டும் எஃப்1 அக்கடமி என்று 2023 முதல் தனித் தொடர் நடக்கிறது, 2024இல் சிங்கப்பூர் வீதிகளிலும் ஓடினார்கள். கொடி பிடிக்கப் பழகினவர்கள் நாளைக்கு ரேஸ் இல்லாவிட்டாலும் பிரதான வீதியில் விபத்து நடந்த இடத்தில் பயன்படுவார்கள். இப்போது நாம் செய்வதெல்லாம் கையையும் காலையும் பிடித்து இழுத்து ஆட்டோவில் போடுவதுதானே.

என் கராஜின் பின்பக்கத்தில் பழைய 100 சிசி என்ஜின்கள் சில கிடக்கின்றன. ஓடும் நிலையில் உள்ளவற்றைத் தெரிந்து தருகிறேன், வெல்டிங் வேலையையும் செய்துகொடுப்பேன். பயிற்சிக்கு ஒரு கார்ட் செய்ய விரும்பும் பாடசாலையோ கல்லூரியோ இருந்தால் உங்கள் அலுவலகம் மூலம் எனக்கு அறிவிக்கலாம். கடிதம் எழுதிய தம்பியும் வரட்டும், பாதை வரையும் கைக்கு அங்கேயும் வேலை இருக்கிறது. போயா தினங்களில் கராஜ் பூட்டு, மற்ற நாட்களில் மாலை ஆறு மணிவரை இருப்பேன்.

இப்படிக்கு,
மோட்டார் சைக்கிள் திருத்துநர்,
கல்லடி, மட்டக்களப்பு.