பம்பை மாற்றுவதற்கு முன்

கோயம்புத்தூர்

அன்புள்ள முருகேசா,

கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண்புரை அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. உன் மீசை நரைத்தது இனி அவருக்கும் தெரிந்துவிடும். இங்கே சின்னவள் கல்லூரி விடுதிக்குப் போனதிலிருந்து வீடு வெறிச்சென்று இருக்கிறது.

டாங்கிலிருந்து என்ஜினுக்குப் பெட்ரோலைத் தள்ளும் கார் ஃபியூயல் பம்பை வீட்டிலேயே எப்படி மாற்றினாய் என்று கேட்டிருக்கிறாய். பம்புக்குப் பேர்போன ஊரில் இருந்துகொண்டு அதற்கு ஆள் தேடினால் ஊர் சிரிக்காதா?

மாற்றுவது பெரிய காரியமில்லை. பழுது பம்பில்தானா என்று உறுதி செய்வதுதான் காரியம். சாவியை ஆன் நிலைக்குத் திருப்பிவிட்டு, பின்சீட்டருகே காது கொடுத்துக் கேள். ஓரிரண்டு விநாடி 'ங்' என்று ஒரு ரீங்காரம் வர வேண்டும். வராவிட்டால் உடனே பம்பு வாங்க ஓடாதே. முதலில் ஃபியூஸைப் பார், அடுத்து பம்புக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் சுவிட்சான ரிலேயைப் பார். ஹாரன் ரிலேயும் அதே எண்ணுடையதாக இருந்தால், இடம் மாற்றிப் போட்டுப் பார். அதன்பின் பம்புக்குப் போகும் கனெக்டரில் டெஸ்ட் லாம்பு வை. சாவி திருப்பியதும் விளக்கு எரிந்து, பம்பு மட்டும் வாய் திறக்கவில்லையென்றால் அதன் கதை முடிந்தது. என் காரில் டாங்கின் அடியில் கையால் ஓங்கித் தட்டினால் பம்பு விழித்துக்கொள்ளும். மோட்டாருக்குள் மின்சாரம் கடத்தும் கார்பன் பிரஷ் தேய்ந்ததற்கு அது அடையாளம். அதை நம்பி ஊட்டி ஏற முடியுமா?

உங்கள் அப்பாவின் அம்பாசடரில் பம்பு என்ஜினை ஒட்டி, கண்ணெதிரே இருந்தது. இப்போது அது டாங்குக்குள் முங்கிக் கிடக்கிறது. சுற்றியிருக்கும் பெட்ரோல்தான் அதன் சூட்டைத் தணிக்கிறது. ஆகவே, எப்போதும் ரிசர்விலேயே ஓட்டும் உன் சிக்கனம் அதற்கு ஆகாது.

டாங்கில் பெட்ரோல் குறைவாக இருக்கும்போது, திறந்தவெளியில் வைத்துச் செய். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு ஊர்ந்து அடுப்பங்கரை வரை போகும். டாங்கை மூடும்வரை அடுப்பும் வேண்டாம், சாமி விளக்கும் வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவிட்டேன். வெள்ளிக்கிழமையன்று இதைச் சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்பது உனக்குத் தெரியும். பவுடர் தீயணைப்பான் ஒன்றைக் கையெட்டும் தூரத்தில் வை. பெட்ரோல் தீயில் தண்ணீர் ஊற்றினால், எரிகிற பெட்ரோல் அதன் மேல் மிதந்து பரவும்.

பெட்ரோல் குழாயில் ஏறக்குறைய 3 பார் (bar) அழுத்தம் நிற்கும். அதை இறக்க, பம்பு ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு என்ஜினை ஸ்டார்ட் செய்து பார், ஓடினால் தானாகவே அணையும். பிறகு பாட்டரியின் நெகட்டிவைக் கழற்று.

பின்சீட்டைத் தூக்கியதும் ஒரு மூடி தெரியும். என் காரில் அதன்மேல் விரல்கனத்துக்கு மண், ஒரு ஹேர்பின், செல்லாத நாலணா. எல்லாவற்றையும் துடைத்தெடுத்த பிறகே திற. இல்லையேல் அத்தனையும் டாங்குக்குள் விழும். பூட்டு வளையத்தைப் பித்தளைக் கம்பி வைத்துத் தட்டித் திருப்பு, இரும்பு பொறி கிளப்பும். பெட்ரோல் அளவு காட்டும் மிதவைக் கம்பி வளையாமல் பம்பைச் சாய்த்து எடு. அடியிலிருந்த, பெட்ரோலை வடிகட்டும் வலைப்பை எனக்குக் காப்பி வண்டல்போல் கறுத்து வந்தது. அதையும், கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கையும் கட்டாயம் புதிதாகப் போடு. ஊறிப் பருத்த ரிங் மறுபடி பள்ளத்தில் உட்காராது. உள்ளே போகும் ஹோஸ், பெட்ரோலில் முங்கியே கிடக்கத் தாங்கும் ரகமாக இருக்கட்டும். இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்கிறார்கள். பழைய கார் ரப்பர் எல்லாம் அதற்கென்று செய்தவையல்ல.

மாட்டி முடித்ததும் சாவியைச் சிலமுறை ஆன் செய்து அணை. கசிவு இருக்கிறதா என்று கண்ணாலும் மூக்காலும் பார்த்த பிறகே ஸ்டார்ட் செய்.

உன் காரில் சீட்டுக்கடியில் வழி இல்லையென்றால் டாங்கையே இறக்க வேண்டியிருக்கும். அந்த வேலைக்கு நீ போகாதே, மெக்கானிக்கிடம் விடு. முதலில் ரிலேயைப் பார்த்துவிட்டு எழுது.

அன்புடன்,
சண்முகம்