சுரங்கத்தில் உழைத்தவருக்கு அஞ்சலி எழுதும்போது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிராமத்திலிருந்து சுரங்க வேலைக்குப் போய், பிள்ளைகளைப் படிக்கவைத்து ஆளாக்கி, ஊர் திரும்பிச் சில ஆண்டுகளில் இறந்துபோன ஒருவரைப் பற்றித் தங்கள் இதழில் வந்த அஞ்சலிக் கட்டுரையைப் படித்தேன். அவருடைய அன்பும் பொறுமையும் உருக்கமாகச் சொல்லப்பட்டிருந்தன. ஆனால் சுரங்கத்துக்குள் அவர் என்ன வேலை பார்த்தார் என்று ஒரு வரிகூட இல்லை. "கடைசிக் காலத்தில் மூச்சிரைப்பால் அவதிப்பட்டார்" என்பதோடு கட்டுரை முடிந்துவிடுகிறது. அந்த மூச்சிரைப்பு எங்கிருந்து வந்தது என்பதும் அவருடைய வாழ்க்கைக் கதைதானே?

ஒரே சுரங்கத்தில் வேலை பார்த்தாலும் எல்லார் நுரையீரலுக்கும் ஒரே அளவு தூசி போவதில்லை. பாறையில் துளை போடுபவருக்கும், கல் உடைக்கும் எந்திரத்தில் நிற்பவருக்கும் மிக அதிகம். வெடி வைத்த பிறகு கல் அள்ளப் போகிறவருக்கும் குறைவில்லை. புகை கலைந்தால் தூசி அடங்கிவிட்டது என்று நினைப்பது தவறு. கண்ணுக்குத் தெரியும் தூசி மூக்கிலும் தொண்டையிலுமே பெரும்பாலும் நின்றுவிடும். நுரையீரலின் காற்றறை வரை போவது சில மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவே உள்ள துகள். ஒரு மைக்ரான் அளவுள்ள குவார்ட்ஸ் (பாறையில் இருக்கும் சிலிக்காக் கனிமம்) துகள், அசையாத காற்றில் ஓர் ஆள் உயரம் கீழே இறங்கவே நான்கைந்து மணி நேரம் எடுக்கும். அதற்குள் அடுத்த ஷிப்ட் உள்ளே வந்திருக்கும். முகத்தில் கட்டும் துண்டு இந்தத் துகளைத் தடுக்காது.

தீர்வு தெரியாமல் இருந்ததும் இல்லை. 1890களின் இறுதியிலேயே அமெரிக்காவில் ஜான் ஜார்ஜ் லெய்னர், துளைக்கம்பியின் நடுவே ஓட்டை வைத்து அதன் வழியே நுனிக்குத் தண்ணீர் செலுத்தும் எந்திரத்தைக் கொண்டுவந்தார். தூசி எழும் இடத்திலேயே சேறாகிவிடும். நடைமுறையில் இது பல இடங்களில் தோற்கிறது. குழாயில் அழுத்தம் குறையும், கம்பியின் ஓட்டை அடைத்துக்கொள்ளும். கம்பி வழுக்காமல் இருக்கத் துளையின் முதல் சில அங்குலங்களைத் தண்ணீர் விடாமலே போடுவார்கள். அப்போது முகம் பாறைக்கு வெகு அருகில் இருக்கும். தண்ணீரே விடாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் மலையைக் குடைந்த ஹாக்ஸ் நெஸ்ட் சுரங்கப்பாதை சாட்சி. 1930-31இல் சிலிக்கா மிகுந்த பாறையை அங்கே தண்ணீரில்லாமல் துளைத்தார்கள். நூற்றுக்கணக்கானோர் சில ஆண்டுகளுக்குள் மாண்டார்கள்.

சிலிக்கா தூசியால் நுரையீரல் தழும்பேறும் இந்த நோய்க்குச் சிலிகோசிஸ் என்று பெயர். சாதாரணமாக அது அவ்வளவு வேகமாக வராது. பத்து, இருபது ஆண்டுகள் கழித்தே தலைகாட்டும். வேலையை விட்ட பிறகும் வளரும். அதனால்தான் நோய் முற்றும்போது மனிதர் சுரங்கத்தைவிட்டு வெகுதொலைவில், சொந்தக் கிராமத்தில் இருக்கிறார். மேட்டில் ஏறினால் இரைக்கிறது என்றால் "வயசாச்சு" என்கிறார்கள். எக்ஸ்ரேயில் நுரையீரலின் மேற்பகுதியில் புள்ளிகள் தெரிகின்றன. காசநோயும் பெரும்பாலும் அங்கேதான் தெரியும். முன்பு என்ன வேலை பார்த்தீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. சளியில் கிருமி இல்லாவிட்டாலும் காசநோய் மாத்திரை எழுதப்படுகிறது. ஆறு மாதம் சாப்பிட்டும் இரு பக்கமும் புள்ளிகள் அப்படியே இருந்தால் சிலிகோசிஸைச் சந்தேகிக்க வேண்டும். அதற்காக மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடவும் கூடாது. சிலிக்கா படிந்த நுரையீரலைக் காசநோய் எளிதில் பற்றும், இரண்டும் சேர்ந்தே இருக்கலாம்.

அடுத்த பிழை இறப்புச் சான்றிதழில் நடக்கிறது. உலக நாடுகள் பின்பற்றும் படிவத்தில், முதல் பகுதியின் மேல் வரியில் உடனடிக் காரணமும், அது எதனால் வந்தது என்று ஒவ்வொரு படியாகக் கீழ் வரிகளிலும் எழுத வேண்டும். எல்லாவற்றுக்கும் தொடக்கமான நோய் கடைசி வரியில் வரும். மூச்சுச் செயலிழப்பு, அதன் கீழே நுரையீரல் தழும்பு, அதன் கீழே சிலிகோசிஸ் என்பது சரியான வரிசை. பக்கத்திலேயே ஒவ்வொன்றும் எவ்வளவு காலமாக இருந்தது என்று எழுதவும் இடம் உண்டு. நடப்பது என்னவென்றால், "இதயம் நின்றது" என்று மேல் வரியில் எழுதிக் கையெழுத்து போட்டுவிடுகிறார்கள். யாருக்குத்தான் இதயம் நிற்காமல் சாவு வருகிறது? அந்த ஒரு வரியால் அவருடைய சுரங்க வாழ்க்கை முழுதும் கணக்கிலிருந்து அழிந்துபோகிறது.

இறந்த பிறகும் உண்மையைக் கண்டறிய வழி உண்டு. தென்னாப்பிரிக்காவில் 1973ஆம் ஆண்டுச் சட்டப்படி, இறந்த சுரங்கத் தொழிலாளியின் இதயத்தையும் நுரையீரலையும் குடும்பத்தின் சம்மதத்தோடு ஆய்வுக்கு அனுப்பலாம். நோய் உறுதியானால் குடும்பத்துக்கு இழப்பீடு உண்டு. அண்டை நாடுகளான லெசோத்தோவிலும் மொசாம்பிக்கிலும் உள்ள கிராமங்களுக்குத் திரும்பி இறந்தவர்களின் வீடுகளுக்கு இந்த வசதி எட்டுவது கடினம் என்பது வேறு விஷயம். 2019இல் ஜோகன்னஸ்பர்க் உயர் நீதிமன்றம் ஏற்ற, தங்கச் சுரங்க நிறுவனங்களுடனான இழப்பீட்டு உடன்பாட்டின்படி, 1965 மார்ச் 12 முதல் அங்கே வேலை பார்த்து சிலிகோசிஸ் வந்தவர்களும், இறந்துவிட்டவர்களின் வாரிசுகளும் கோரிக்கை வைக்கலாம் என்றாயிற்று. அப்போது பல குடும்பங்களிடம் கேட்கப்பட்டது, எந்தச் சுரங்கம், எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை என்பதுதான். அரை நூற்றாண்டுக்கு முந்தைய வேலைக்கு ஒரு விதவை எங்கே போய் ஆதாரம் தேடுவார்?

ஆகவே இத்தகைய குறிப்புகளை அனுப்பும் குடும்பத்தாரிடம் தாங்கள் சில விவரங்களைக் கேட்டு வாங்க வேண்டுகிறேன். எந்தச் சுரங்கம், அப்போது அது யார் கையில் இருந்தது (சுரங்கங்கள் அடிக்கடி கைமாறும்), எந்தெந்த ஆண்டுகள், தரைக்கு மேலா கீழா, துளையா வெடியா கல் அள்ளலா, தண்ணீர் விட்டா விடாமலா, கூட வேலை பார்த்தவர்களில் யார் இருக்கிறார்கள். சம்பளச் சீட்டு, டோக்கன், மருத்துவப் பரிசோதனைத் தாள் எதையும் துணியோடு சேர்த்து எரித்துவிடக் கூடாது. எக்ஸ்ரே அறிக்கையை மட்டுமல்ல, படத்தையே வைத்திருக்க வேண்டும். தூசி நோய்களுக்கான எக்ஸ்ரேயைச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் மாதிரிப் படங்களோடு ஒப்பிட்டு 12 படிநிலைகளில் ஒன்றாக வகைப்படுத்துவார்கள். "புள்ளிகள் உள்ளன" என்ற அறிக்கை வரியை வைத்துக்கொண்டு அதைச் செய்ய முடியாது. இழப்பீடு கோரப் பெரும்பாலான நாடுகளில் காலக்கெடு உண்டு என்பதால், இதையெல்லாம் துக்கம் ஆறிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைக்கவும் வேண்டாம்.

இப்படிக்கு,
தொழில்சார் நுரையீரல் நோய்ச் சிகிச்சையில் பணிபுரியும் வாசகர்