ஒரே லேப்டாப்பில் விண்டோஸும் லினக்ஸும்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்துவந்த வழக்கமான பாதுகாப்பு அப்டேட்கள் 2025 அக்டோபர் 14-உடன் நின்றுபோயின. பதிவு செய்துகொண்டவர்களுக்கு ஓராண்டு நீட்டிப்பு உண்டு, அவ்வளவுதான். விண்டோஸ் 11-க்கு மாறலாம் என்றால், ஒருசில விதிவிலக்குகள் போக, இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய ப்ராசஸர்களை அது ஏற்பதில்லை. "லேப்டாப் நல்லாத்தான் ஓடுது, இதைத் தூக்கிப் போடணுமா?" என்று கேட்டுக்கொண்டு கடைக்கு வருகிறவர்கள் அதனால் கூடிவிட்டார்கள்.

தூக்கிப் போட வேண்டாம். விண்டோஸ் மாதிரியே கணினியை இயக்கும் லினக்ஸின் வகைகளான லினக்ஸ் மின்ட் அல்லது உபுண்டு போட்டால் அந்த லேப்டாப் இன்னும் சில வருடங்கள் உழைக்கும். டேலி, அலுவலக சாஃப்ட்வேர் என்று விண்டோஸை விட முடியாதவர்களுக்கு இரண்டையும் ஒரே கணினியில் வைத்துத் தருகிறோம். இதைத்தான் டூயல் பூட் என்கிறோம். இது புதிய சங்கதியும் இல்லை. தமிழக அரசு மாணவர்களுக்குக் கொடுத்த இலவச லேப்டாப்களிலேயே விண்டோஸோடு பாஸ் என்ற இந்திய லினக்ஸும் வந்தது. அதைத் திறந்து பார்த்தவர்கள்தான் குறைவு.

போட்டுக் கொடுத்த பிறகு வருகிற சிக்கல்களைப் பற்றித்தான் இந்த மடல். முக்கியமானதை முதலில் சொல்லிவிடுகிறோம்: திரை கறுப்பாகி ஏதோ ஆங்கில வரி வந்து நின்றால், பெரும்பாலும் உங்கள் ஃபைல்களுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. பயந்துபோய் ரீசெட் கொடுப்பதும், பக்கத்து வீட்டுப் பையனிடம் கொடுத்து ஃபார்மேட் அடிப்பதும்தான் ஃபைல்களை அழிக்கிறது.

விண்டோஸ் 11-உடன் புதிதாக வாங்கிய லேப்டாப் என்றால் வேறு எதையும் தொடுவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் கணக்கோடு அதைத் தொடங்கியிருந்தால், டிஸ்க் முழுவதும் உங்களைக் கேட்காமலேயே பூட்டப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். பிட்லாக்கர் அல்லது டிவைஸ் என்க்ரிப்ஷன் என்று செட்டிங்ஸில் பெயர் இருக்கும். சாதாரணமாக இது கண்ணிலேயே படாது. ஆனால் பயாஸில் (விண்டோஸுக்கு முன் வரும் அடிப்படை செட்டிங்ஸ்) செக்யூர் பூட்டை (நம்பகமான சிஸ்டத்தை மட்டும் கிளம்பவிடும் பாதுகாப்பு) மாற்றினாலோ, பூட் ஆகும் வழியை மாற்றினாலோ, அடுத்த முறை நீலத் திரை வந்து 48 இலக்க ரெகவரி கீயைக் கேட்கும். ஆறு ஆறாக எட்டுக் கட்டங்கள். இந்த கீ இல்லாவிட்டால் நாங்கள் மட்டுமல்ல, மைக்ரோசாஃப்டே வந்தாலும் அந்த டிஸ்கைத் திறக்க முடியாது.

கீ எங்கே இருக்கும்? எந்த மெயில் ஐடியில் லேப்டாப்பைத் தொடங்கினீர்களோ, அந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில். நம்மூரில் சிக்கல் இங்கேதான். லேப்டாப் விற்ற இடத்திலேயே ஒரு மெயில் ஐடியை உருவாக்கி, உள்ளே நுழைந்து, நான்கு இலக்க பின்னை மட்டும் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். சில வீடுகளில் மகனின் கல்லூரி மெயில் ஐடி போட்டிருப்பார்கள். அவன் படிப்பை முடித்ததும் அந்த ஐடியும் போய்விடும். அதனால் விண்டோஸ் ஒழுங்காக ஓடும்போதே கீயை எடுத்து ஒரு தாளில் எழுதி, பில்லோடு சேர்த்து வையுங்கள். இல்லையென்றால் என்க்ரிப்ஷனை அணைத்துவிடுங்கள். கீ கையில் இல்லாத, என்க்ரிப்ஷனும் அணைக்காத லேப்டாப்பில் நாங்கள் லினக்ஸ் போடுவதில்லை. இதில் சிலருக்கு எங்கள் மேல் வருத்தம். இருந்தாலும் இந்த விதியை மாற்றுவதாக இல்லை.

அடுத்தது ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். விண்டோஸை ஷட்டவுன் செய்தால் அது முழுதாக மூடிக்கொள்வதில்லை. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு டீ குடிக்கப் போகிற கடைக்காரர் மாதிரி, சீக்கிரம் திரும்பி வரத் தோதாக டிஸ்கைப் பாதி நிலையில் விட்டுவிட்டுப் போகும். அந்த நிலையில் லினக்ஸில் போய் டி டிரைவைத் திறந்தால், படிக்கலாம், சேமிக்க முடியாது என்று சொல்லும், அல்லது திறக்கவே மறுக்கும். நல்லதுக்குத்தான் மறுக்கிறது. மல்லுக்கட்டி எழுத வைத்தால் ஃபைல்கள் கெடும். விண்டோஸில் கன்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ், அதில் பவர் பட்டன் என்ன செய்ய வேண்டும் என்ற பகுதிக்குப் போய், ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் டிக்கை எடுத்துவிடுங்கள். எங்களிடம் போட்டவர்களுக்கு இதை அணைத்துத்தான் கொடுத்திருக்கிறோம். ஆனால் பெரிய விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு அது சில சமயம் திரும்ப வந்து உட்கார்ந்துகொள்ளும். எட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடிகாரம் பற்றி நிறையப் பேர் போன் செய்கிறீர்கள். லினக்ஸிலிருந்து விண்டோஸுக்கு வந்தால் நேரம் சரியாக ஐந்தரை மணி நேரம் பின்னால் இருக்கும். மதியம் 3 மணிக்குக் காலை 9.30 என்று காட்டும். கடிகாரத்தை ஓடவைக்கும் சிமாஸ் பேட்டரி போய்விட்டது என்று மாற்றச் சொல்வார்கள், மாற்றாதீர்கள். மதர்போர்டில் உள்ள கடிகாரத்தில் லினக்ஸ் உலகப் பொது நேரத்தை வைக்கிறது. விண்டோஸோ அதையே இந்திய நேரம் என்று எடுத்துக்கொள்கிறது. லினக்ஸில் ஒரே ஒரு கட்டளை கொடுத்தால் தீர்ந்தது. லேப்டாப்போடு கொடுத்த தாளில் அது அச்சிட்டிருக்கிறது.

"ரெண்டுல எது வேணும்னு கேக்குற மெனு காணோம், நேரா விண்டோஸ் வருது" என்பது இன்னொரு வழக்கமான புகார். விண்டோஸ் அப்டேட் ஆனதும் பூட் வரிசையில் தன்னை முதலில் வைத்துக்கொண்டிருக்கும். லினக்ஸ் எங்கும் போய்விடவில்லை. லேப்டாப்பை ஆன் செய்ததும் பூட் மெனு பட்டனைத் தட்டுங்கள். டெல், லெனோவாவில் எஃப்12, எச்பியில் எஃப்9, அஸூஸ் லேப்டாப்பில் எஸ்கேப். ஏசரில் எஃப்12-தான், ஆனால் முதலில் பயாஸுக்குள் போய் அதை ஆன் செய்ய வேண்டியிருக்கும். வருகிற பட்டியலில் உபுண்டு என்று இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். உங்களுடையது லினக்ஸ் மின்ட் என்றாலும் அங்கே உபுண்டு என்றுதான் காட்டும், குழம்ப வேண்டாம். லினக்ஸ் வந்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது. வரிசையைப் பயாஸில் நிரந்தரமாக மாற்றிக்கொள்ளலாம்.

இதற்கு நேரெதிரான கதையும் உண்டு. லினக்ஸ் வேண்டாம் என்று தோன்றி, விண்டோஸுக்குள்ளிருந்தே அதன் பார்ட்டிஷனை (டிஸ்கில் அதற்கெனப் பிரித்த பகுதியை) டெலிட் செய்துவிடுவார்கள். மறுமுறை ஆன் செய்தால் கறுப்புத் திரையில் க்ரப் (எது வேண்டும் என்று கேட்கும் அந்த மெனுவின் பெயர்) என்ற சொல் மட்டும் நிற்கும். அதே பூட் மெனுவில் விண்டோஸ் பூட் மேனேஜரைத் தேர்ந்தெடுத்தால் விண்டோஸ் வந்துவிடும். 100 எம்பி அளவில் ஈஎஃப்ஐ என்று ஒரு சின்ன பார்ட்டிஷன் இருக்கும். வீணாகக் கிடக்கிறது என்று நினைத்து அதை மட்டும் தொட்டுவிடாதீர்கள். இரண்டு சிஸ்டமும் கிளம்புவதே அங்கிருந்துதான்.

2024 ஆகஸ்டில் நடந்ததையும் சொல்ல வேண்டும். பழைய, ஓட்டையுள்ள பூட்லோடர்களை (ஆன் செய்ததும் சிஸ்டத்தைக் கிளப்பிவிடும் புரோகிராம்கள்) தடுப்பதற்காக மைக்ரோசாஃப்ட் அந்த மாத அப்டேட்டில் ஒரு தடைப்பட்டியலைச் சேர்த்தது. டூயல் பூட் கணினிகளுக்கு அது போகாது என்று சொல்லியிருந்தார்கள். ஆனால் பல கணினிகளை அது டூயல் பூட் என்று அடையாளம் காணவில்லை. லினக்ஸைத் தேர்ந்தெடுத்தால் எஸ்பேட் (அந்தத் தடைப்பட்டியலோடு ஒப்பிடும்) சோதனை தோற்றது, ஏதோ படுமோசமாகிவிட்டது என்ற பொருளில் ஒரு வரி வந்து கணினி அணைந்துவிடும். விண்டோஸ் மட்டும் ஓடும். உலகம் முழுக்க இதே கூச்சல். செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக அணைத்து, லினக்ஸுக்குள் போய் அந்தத் தடையை நீக்கி, திரும்ப ஆன் செய்வதுதான் வழியாக இருந்தது. 2025 மே மாத அப்டேட்டில் மைக்ரோசாஃப்டே சரிசெய்துவிட்டது. இனி ஒருமுறை இப்படி ஏதாவது வந்தாலும் முதலில் தொட வேண்டியது செக்யூர் பூட்டைத்தான். அதைத் தொட்டால் அந்த 48 இலக்க கீ கேட்கும். கீயை எடுத்து வையுங்கள் என்று நச்சரிப்பது இதற்காகத்தான்.

புதிதாகப் போட வருகிறவர்களுக்கு: 256 ஜிபி எஸ்எஸ்டி என்றால் லினக்ஸுக்கு 60 ஜிபியாவது ஒதுக்குவோம். முழு பேக்கப் எடுத்துக்கொண்டு வாருங்கள். லேப்டாப்பில் இன்னொரு எஸ்எஸ்டி போட இடமிருந்தால், கொஞ்சம் செலவானாலும் லினக்ஸைத் தனி டிஸ்கில் வைப்பதுதான் எங்கள் சிபாரிசு. மேலே சொன்ன தகராறில் பாதி அதில் வராது. சில புதிய இன்டெல் லேப்டாப்களில் லினக்ஸ் இன்ஸ்டாலருக்கு டிஸ்கே தெரியாது. ஆர்எஸ்டி என்ற இன்டெலின் டிஸ்க் அமைப்பு அதை மறைத்துக்கொண்டிருக்கும். யூடியூப் பார்த்துப் பயாஸில் அதைச் சட்டென்று ஏஎச்சிஐ என்ற சாதாரண டிஸ்க் முறைக்கு மாற்றினால் விண்டோஸ் நீலத் திரையில் விழும். மாற்றிவிட்டீர்களா? பழையபடியே திருப்பி வைத்தால் விண்டோஸ் எழுந்துவிடும். சேஃப் மோடு வழியாக ஒழுங்காக மாற்ற முறை இருக்கிறது, அதைக் கடையில் செய்துகொள்ளலாம்.

ஜிஎஸ்டி கணக்கு, பில்லிங் மட்டும் ஓடுகிற ஒரே ஒரு கணினிதான் கடையில் இருக்கிறது என்றால், அதில் டூயல் பூட் கேட்காதீர்கள். செய்ய மாட்டோம். மாதக் கடைசியில் அது நின்றால் உங்களுக்கும் கஷ்டம், எங்களுக்கும் திட்டு.

சர்வீஸுக்கு வரும்போது சார்ஜர், மைக்ரோசாஃப்ட் கணக்கின் மெயில் ஐடி, அதன் ஓடிபி வருகிற போன், மூன்றும் கையில் இருக்கட்டும். பாஸ்வேர்டை எங்களிடம் சொல்ல வேண்டாம், நீங்களே டைப் செய்யுங்கள். திரையில் ஏதாவது வரி வந்து நின்றால் அணைப்பதற்கு முன் ஒரு போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். பல சமயம் போனிலேயே வேலை முடிந்துவிடும்.

இப்படிக்கு,
சர்வீஸ் பிரிவு