செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறக்கவில்லை. ஜூலை 28-இல்தான் திறந்தது. குறுவை வியாபாரம் எப்படிப் போனது என்று கும்பகோணம் கடைத்தெருவுக்கு நான் சொல்ல வேண்டாம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நான் ரிசீவர் விவகாரத்துக்கு வருகிறேன்.

நம் பகுதி அரிசி ஆலை முதலாளி ஒருவர் ஐ.பி. கொடுத்தார், அதாவது கடனைக் கட்ட முடியவில்லை என்று திவால் மனு போட்டார். அவர் சொத்தைப் பார்த்துக்கொள்ள நீதிமன்றம் நியமித்த ரிசீவர், இருந்த நெல்லை அரைத்து முடிக்க ஆலையை ஓட்டினார். நம்மில் மூன்று பேர் சாக்கும் டீசலும் பெல்ட்டும் கடனுக்குக் கொடுத்தோம். ஆமாம், நானும்தான். கோர்ட்டே வைத்த ஆள், பணம் எங்கே போய்விடும் என்ற தைரியம். தை மாதம் பில்லோடு போனால், "ஆலைக் கணக்கில் பணமில்லை" என்றார். "கையெழுத்துப் போட்டு வாங்கியவர் சொந்தப் பணத்தில் கொடுக்கட்டும்" என்று செயற்குழுவில் ஒரே கூச்சல்.

வக்கீல் சொன்னது வேறு. தனிநபர் திவாலுக்கு இங்கே இன்னும் 1920-ஆம் ஆண்டு மாகாணத் திவால் சட்டம்தான். அதன்படி நீதிமன்ற அனுமதியோடுதான் ரிசீவர் தொழிலை நடத்தலாம். வேண்டுமென்றே தவறு செய்தோ படு அலட்சியத்தாலோ சொத்துக்கு நஷ்டம் உண்டாக்கினால் அவர் சொத்தையே ஜப்தி செய்து விற்கச் சொல்லலாம். அவர் முடிவு பிடிக்காவிட்டால் 21 நாளுக்குள் அதே நீதிமன்றத்தில் மனு போடலாம். நாங்கள் போய் விசாரித்தது மாசிக் கடைசியில்!

ரிசீவர் வைக்கும் கடனுக்கு யார் பொறுப்பு என்பதை ஆஸ்திரேலியாவில் தெளிவாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். அங்கே 2001-ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டப்படி ரிசீவர் வாங்கும் சரக்குக்கு அவரே பொறுப்பு. வாடகைக்கு எடுத்த இடத்தையோ இயந்திரத்தையோ 7 நாளுக்கு மேல் வைத்திருந்தால் அந்த வாடகைக்கும் அவரே பொறுப்பு. வாடகைப் பொறுப்பிலிருந்து நீதிமன்றம் அவரை விடுவிக்கலாம், ஆனால் கம்பெனியின் கடன் அப்படியே நிற்கும். 2020-இல் கொரோனாவில் விமானங்கள் நின்றபோது, வர்ஜின் ஆஸ்திரேலியா விமான நிறுவனத்தை ஏற்ற திவால் நிர்வாகிகளுக்கு விமான வாடகை விஷயத்தில் இப்படிக் கொஞ்ச கால அவகாசம் கிடைத்தது.

ரிசீவருக்குச் சொந்தப் பொறுப்பிலிருந்து இப்படி விலக்குக் கொடுப்பது அநியாயம் என்று நான் சொல்லமாட்டேன். வீடு வாசலை அடகு வைத்து யார் அடுத்தவன் ஆலையை ஓட்ட வருவார்? ஆலை பூட்டிக் கிடந்தால் நெல்லை எலி தின்னும், நமக்கு ஒரு காசு வராது. ஆனால் "இதற்கு நான் பொறுப்பில்லை" என்பதைச் சரக்கு இறக்கும் முன்பே சொல்லியிருக்க வேண்டும். அது நடக்கவில்லை. கேட்காதது எங்கள் தவறு.

சரி, இனி ரிசீவர் ஓட்டும் எந்த ஆலைக்கும் நியமன உத்தரவின் நகலைப் பார்க்காமல் கடன் கொடுப்பதில்லை என்று செயற்குழு முடிவு செய்துள்ளது. தொழில் நடத்த அனுமதி உண்டா, பில்லுக்கு எந்தப் பணம் என்று அதில் பார்க்க வேண்டும். நகல் வாங்கும் செலவைச் சங்க நிதியிலிருந்து தரப் பேரவையின் ஒப்புதலைக் கேட்கிறேன். எங்கள் மூவரின் பழைய பில்லுக்கு அதில் பங்கு கேட்கவில்லை.